மூன்றாம் காலத்து எள்ளுசாதம்

போன வாரம் பாவாத்தாளை ஈசுவரன் கோயில் மடப்பள்ளி வாசலில் நிற்கவைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். கையில் கரண்டி, வயிற்றில் பயம். பாவம், அங்கேயேதான் நிற்கிறாள். வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். அன்னூருக்குக் கிழக்கே ஆலாம்புதூர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருசமாகச் சத்துணவு சமைப்பவள் பாவாத்தாள். கோயிலில் சிவராத்திரி நைவேத்தியம் செய்துவந்த பெரியவர் முழங்கால் வலியோடு பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட, இந்த வருசம் யார் செய்வது என்று கமிட்டியில் பேச்சு வந்தது. சின்ன வயசுக் குருக்கள் பாவாத்தாள் பெயரைச் சொன்னார்.

கமிட்டித் தலைவர் நஞ்சுண்டனுக்கு முகம் சுண்டிவிட்டது. பாவாத்தாளின் மாமியார் ஊர்க்காடுகளில் களை வெட்டிவிட்டு, இந்தக் கோயிலின் வெளிமதிலோரம் நின்று கும்பிட்டுப் போனவள். அந்த வீட்டு மருமகள் மடப்பள்ளிக்குள் நுழைவதா என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு தலையாட்டினார். ராத்திரி நாலு காலப் பூசை. நாலில் ஒரு காலம் பிசகினாலும், அடுத்த வருசத்திலிருந்து கோயமுத்தூர்ச் சமையல்காரர்தான். அதற்குப் பிறகு பாவாத்தாள் மட்டுமில்லை, அவள் தெருவிலிருந்து யாருமே அந்த அடுப்பைத் தொட முடியாது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இந்தச் சமையலில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது. நாக்கில் பட்டால் எச்சில். பாவாத்தாளின் பள்ளிக்கூடத்திலோ நேர்மாறு. பிள்ளைகள் சாப்பிடும் முன் சமைத்தவள் வாயில் போட்டுப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பத்தொன்பது வருசமாக ஒரு பள்ளி நாள்கூடத் தவறாமல் செய்த காரியம் அது. பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

சிவராத்திரியன்று காலையில் பள்ளிக்கூடத்திலேயே அவளுக்குச் சோதனை தொடங்கிவிட்டது. விடியுமுன் தலைக்குக் குளித்து விரதம் ஆரம்பித்திருந்தாள். வெறும் தண்ணீர்தான். சாம்பார் கொதிக்கும்போது வலது கை தன்பாட்டுக்குக் கரண்டியைத் தூக்கி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டது. வாய்க்கு அருகே போன கையை இடது கையால் பிடித்து நிறுத்தினாள். கூடச் சமைப்பவளைக் கூப்பிட்டு ருசி பார்த்துக் கையெழுத்தும் போடச் சொல்லிவிட்டுத் திண்டாடித் திணறி வீடு வந்தாள்.

வீட்டில் மகள் யுவஸ்ரீயிடம் இதைச் சொல்லி, ருசி பார்க்காமல் தனக்குச் சமைக்கவே தெரியாதோ என்னவோ என்று கண் கலங்கினாள். யுவஸ்ரீ கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆசுபத்திரியில் நர்ஸ். அம்மாவுக்குக் கூடமாட இருக்கவென்றே இரண்டு நாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

"இத்தனை வருசமா உப்புப் போட்டது உன்ற கைதானம்மா. நாக்கு சும்மா சரின்னு சொல்லிச்சு, அவ்வளவுதான்" என்றாள்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பாவாத்தாள் மடப்பள்ளிப் படி ஏறினாள்.

அவள் கணவர் அங்கப்பனும் கூடவே வந்தார். சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். விறகு இறக்கினார், அண்டா தூக்கினார், வேலை முடிந்தும் போகாமல் மடப்பள்ளி வாசலிலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். விரதமும் இல்லை, பூசையும் இல்லை, எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்று பசங்கள் கிண்டல் செய்ததற்கும் வாய் திறக்கவில்லை.

அவர் வாய் திறக்காதது எட்டு மாசக் கதை. மகன் எழில் சரக்கு ஆட்டோவை மேட்டில் நிறுத்தியிருந்தபோது அது தானாக உருண்டு ஓடி வாய்க்காலில் கவிழ்ந்தது. ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்கிவிட்டான் என்று தெருவே பார்க்க அவனை அறைந்தார் அங்கப்பன். இருபத்தாறு வயசுப் பையன் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு ஈரோட்டுக்குப் போனவன்தான், ஒரு ஜவுளி குடோனில் வேலை, இன்றுவரை வீடு திரும்பவில்லை. பத்து நாள் கழித்து மெக்கானிக் ரசாக் வண்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பையன் பிரேக் போட்டுத்தான் இருக்கிறான், கேபிள் இற்றுப்போய் அறுந்திருக்கிறது, மாற்றச் சொல்லி மூன்று மாசமாக நான்தானே உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றார். அங்கப்பன் கேட்டுக்கொண்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை. ரசாக் மூலம் பாவாத்தாளுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தப்பு அவர் தொண்டையைத் தாண்டி வெளியே வரவே இல்லை.

நிற்க. மடப்பள்ளிக்கு வருவோம்.

முதல் காலத்துக்குப் பாசிப்பருப்புப் பொங்கல். உப்பைக் கையில் அள்ளி, கண்ணை மூடி, போட்டாள். இரண்டாம் காலத்துக்குப் பாயசம். அதுவும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. நஞ்சுண்டன் இரண்டு தடவையும் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பாவாத்தாளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்தத் தெம்புதான் வினையாகவும் போயிற்று.

மூன்றாம் காலம் நடுச்சாமப் பூசை. லிங்கோத்பவ காலம் என்று ஊரே காத்திருக்கிற நேரம். அதற்கு எள்ளுசாதம். எள்ளை வறுத்து, மிளகாய் வற்றலும் உளுந்தும் உப்பும் சேர்த்து இடித்து, ஆறிய சாதத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டுக் கிளறி முடித்தபோது மணி பதினொன்று ஆகப் பத்து நிமிடம் இருந்தது.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. இலேசான கருகல் வாடை. எள் ஒரு நொடி கூடுதலாக வறுபட்டாலும் கசந்துவிடும். இது எள்ளா, அடுப்புப் புகையா? யோசித்து முடிப்பதற்குள் கை போய்விட்டது. உள்ளங்கையில் நாலு பருக்கை. நாக்கு அதை வாங்கிக்கொண்டது.

ருசி அருமையாக இருந்தது. அதுதான் கொடுமை.

பாவாத்தாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். யுவஸ்ரீ தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அங்கப்பன் வாசலில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பார்த்தவர் யாருமில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு அண்டாவைத் தூக்கி அனுப்பினால் தீர்ந்தது. ஊருக்கும் தெரியாது, நஞ்சுண்டனுக்கும் தெரியாது. சொன்னாலோ, அவர் காத்திருந்த பிசகை இவளே தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி ஆகும். தெருவின் பேரும் சேர்ந்து போகும்.

ருசி பார்க்காமல் ஒருநாளும் நோட்டில் கையெழுத்துப் போட்டதில்லை அவள். பிள்ளைகளிடம் காட்டாத கள்ளத்தைச் சாமியிடம் காட்டுவதா என்று தோன்றியது. சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தாள். என்ன ஏது என்று தெரியாமல் அங்கப்பனும் பின்னால் வந்தார்.

மண்டபம் நிறையச் சனம். பசியும் தூக்கமும் தெரியாமலிருக்க ஆண்களும் பெண்களும் தாளம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். நேரே குருக்கள் முன்னால் போய் நின்றாள். பக்கத்தில் நஞ்சுண்டன்.

"சாமி, கை பழக்கத்துல எள்ளுசாதத்தை ருசி பாத்துப்போட்டேனுங்க. தப்பு என்னுதுதான். அந்த அண்டா எச்சலுங்க, சாமிக்கு வேண்டாம். என்ற விரதமும் போச்சுங்க."

பாட்டு நின்றுவிட்டது. நஞ்சுண்டன் துண்டை உதறித் தோளில் போட்டார். இதற்குத்தான் அப்போதே சொன்னேன் என்று பொதுவாகக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். மூன்றாம் காலம் நைவேத்தியம் இல்லாமல் நடந்த சிவராத்திரி இந்த ஊரில் உண்டா என்று கேட்டார். அங்கப்பன் வாயைப் பிளந்தபடி மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தெரியாம பட்ட பருக்கைக்கெல்லாம் விரதம் போகாதுங்கம்மா. மணி பதினொண்ணுதான். பன்னண்டுக்குத்தான் தீபாராதனை. தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து மறுபடி உலை வையுங்க."

உலை வைக்கலாம். எள்ளுக்கு எங்கே போவது? வாங்கி வைத்திருந்த எள் முழுவதும் அந்த அண்டாவுக்குள் கிடந்தது. அன்னூரில் கடை எல்லாம் பூட்டி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். நஞ்சுண்டன் அதைத்தான் கேட்டார், நியாயமான கேள்விதான்.

தண்ணீர்க் குடத்தோடு வந்த யுவஸ்ரீ விசயத்தைக் கேட்டாள். குடத்தை இறக்கி வைத்தாள். பாட்டுக்காரர் கையிலிருந்த மைக்கைக் கேட்டுக்கூட வாங்கவில்லை, பிடுங்கிவிட்டாள்.

"ஏனுங்க, ஊட்டுல கருப்பு எள்ளு இருக்கறவங்க ஆளுக்கு ஒரு கைப்பிடி கொண்டாங்க. பத்து நிமிசத்துல வேணுமுங்க."

ஊரே விழித்திருக்கிற ராத்திரி வருசத்துக்கு ஒன்றுதானே. எந்த வீட்டுக் கதவையும் தட்டி எழுப்ப வேண்டியிருக்கவில்லை. எள் என்றால் எண்ணெயாக நிற்பது என்பார்கள், அன்றைக்கு ஆலாம்புதூர் அப்படித்தான் நின்றது. பெண்கள் செருப்பை மறந்து ஓடினார்கள். மண்டபத்துக்கு வராமல் வீட்டிலிருந்தவர்களுக்கும் ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டது.

முதலில் வந்து சேர்ந்தது யார் தெரியுமா? சுப்பாத்தாள். நஞ்சுண்டனின் சம்சாரம். சொம்பு நிறைய எள்ளோடு வந்தவள் புருசன் இருந்த பக்கம் திரும்பியே பார்க்காமல் மடப்பள்ளி முறத்தில் கொட்டிவிட்டு, சலித்துத் தருகிறேன் என்று அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் டம்ளரில் வந்தது, காப்பித்தூள் டப்பாவில் வந்தது, முந்தானை முடிச்சில் வந்தது. பாவாத்தாளின் தெருவிலிருந்தும் வந்தது, நஞ்சுண்டனின் தெருவிலிருந்தும் வந்தது. முறத்தில் விழுந்த பிறகு எது எந்த வீட்டு எள் என்று பிரிக்க எவனாலும் முடியாது.

பாவாத்தாள் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு அடுப்பு முன் நின்றாள். மறுபடியும் பழக்கம் இழுத்துவிட்டால் என்ன செய்வது என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

அங்கப்பன் எழுந்து ஆட்டோவுக்குப் போனார். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துவந்தார். சென்னிமலைத் துண்டு. மடிப்புக் கலையாமல், ஒட்டின விலைச்சீட்டு கிழியாமல் இருந்தது. பொங்கலுக்கு எழில் தங்கச்சியிடம் அப்பாவுக்கென்று கொடுத்தனுப்பியது. எனக்கு எவன் துண்டும் வேண்டாம் என்று அன்றைக்கு மூலையில் வீசியவர், அதை எப்போது எடுத்து வண்டியில் பத்திரப்படுத்தினார் என்று பாவாத்தாளுக்குத் தெரியாது.

"புதுசுதான். வாய்க்குக் கட்டிக்க" என்றார்.

கட்டிக்கொண்டாள். கட்டியதும் நாக்கு அடங்கிவிட்டது. இனிக் கை பாடு, காது பாடு, மூக்கு பாடு.

பச்சரிசி ஒரு பக்கம் கொதித்தது. மறுபக்கம் எள் வாணலியில் விழுந்தது. காதைச் சாய்த்துக் கேட்டாள். படபடவென்ற வெடிப்பு ஓயப்போகிற நேரம் பார்த்து இறக்கினாள். உப்பைக் கை அள்ளியது. ஒருதடவை தயங்கியது, இரண்டு கல் உப்பை விரலிடுக்கில் கீழே விட்டது, பிறகு போட்டது. அங்கப்பன் உலக்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் இடித்த இடியில் உரல் உடைந்துவிடுமோ என்று சுப்பாத்தாள் பயந்தாள். வாழையிலைகளில் சாதத்தைப் பரப்பி, யுவஸ்ரீயும் நாலு பெண்களும் விசிறி ஆற்றினார்கள். வாசலில் நின்ற நஞ்சுண்டன் மணி சொல்லிக்கொண்டே இருந்தார். முதலில் மிரட்டுகிற குரலில் சொன்னார். முப்பத்தைந்து, நாற்பது என்று போகப்போகக் குரல் மாறிவிட்டது. நாற்பத்தைந்துக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் ஒரு விசிறியை எடுத்துவிட்டார்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு எள்ளுசாதம் கர்ப்பக்கிரகத்துக்குப் போனது.

பன்னிரண்டுக்குத் திரை விலகியது. மணி அடித்த அடியில் அன்னூர் வரைக்கும் கேட்டிருக்கும். கற்பூர வெளிச்சத்தில் லிங்கமும் தெரிந்தது, அதன் முன்னால் அவள் கிளறிய சாதமும் தெரிந்தது. மாமியார் நின்ற வெளிமதிலிலிருந்து அந்த இடம் முப்பதடி இருக்குமா? அந்த முப்பதடியை நினைத்து, வாயில் கட்டிய துண்டோடு பாவாத்தாள் ஓவென்று அழுதாள். சந்தோசத்தில் அழுகிறவளை யார் தேற்றப்போகிறார்கள்? அழட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

முதல் அண்டாவும் வீணாகவில்லை. விரதமில்லாத சிறுசுகளுக்கு இலை போட்டார்கள். வழித்து நக்கிவிட்டுப் போய்விட்டதுகள்.

நாலாம் காலத்துக்கு வெள்ளைச் சாதம். உலை வைக்கத் தண்ணீர் தூக்கித் தர ஆள் தேடியபோது அங்கப்பனைக் காணவில்லை. ஆட்டோவையும் காணோம். ஒன்றரை மணிக்கே வண்டி ரோட்டுப் பக்கம் போனதாக யாரோ சொன்னார்கள். ஒரு ராத்திரி கண் விழிக்கத் தெம்பில்லாத மனுசன், வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார் என்று பாவாத்தாள் பொருமினாள். கொடுத்த துண்டுக்காகத் திட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

விடிந்தது. நாலு காலப் பிரசாதமும் வரிசையாக வந்தன. விரதம் முடிக்க ஊரே இலை முன்னால் உட்கார்ந்தது. பாவாத்தாள் தூணோரம் நின்றாள். மூன்றாம் காலத்து எள்ளுசாதம் எப்படி இருக்கிறது என்று அந்த நிமிடம்வரை இந்த ஊரில் ஈசுவரனைத் தவிர யாருக்கும் தெரியாது.

நஞ்சுண்டன்தான் முதல் கவளத்தை எடுத்தார். மென்றார். அடுத்த கவளத்தை எடுத்தார். இலையை வழித்துவிட்டு, பரிமாறுகிற பெண்ணைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். சுப்பாத்தாள் பந்தியில் எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை இலை காலியானதும் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மிணி, அடுத்த வருசம் எள்ளு ரெண்டு பங்கா வாங்கிப் போட்டுருவோம். உனக்குக் கை பழக்கம் போற வரைக்கும்."

பந்தி முழுக்கச் சிரித்தது. குருக்கள் சிரித்தார், சுப்பாத்தாளும் சிரித்தாள். பாவாத்தாள் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். ராத்திரி துண்டுக்குள் அடங்கிய அவள் நாக்கு வேலைக்குத் திரும்பியது. உப்பு கச்சிதம். எள் துளிகூடக் கசக்கவில்லை. ஊர் எள் அது, எத்தனை அடுக்களை எள்.

செயித்துவிட்டாள். அவளுக்கே அது நம்பச் சற்று நேரம் பிடித்தது.

ஒவ்வொரு விசேசத்துக்கும் எழிலுக்கென்று ஒரு பங்கு எடுத்துவைப்பது அவள் வழக்கம். அவன் வரப்போவதில்லை என்று தெரிந்தும் எடுத்துவைப்பாள். இந்தத் தடவையும் நடுச்சாமத் தீபாராதனை முடிந்த கையோடு எள்ளுசாதத்தைத் தூக்குவாளியில் போட்டு மடப்பள்ளி மாடத்தில் வைத்திருந்தாள். போய்ப் பார்த்தாள். மாடம் காலி.

"யுவா, தூக்குவாளியை எடுத்தியா கண்ணு?"

யுவஸ்ரீ போனை நீட்டினாள். எழிலிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. ஈரோட்டில் அவன் தங்கியிருக்கும் அறை. கயிற்றுக் கட்டிலில் வாயைத் திறந்துகொண்டு அங்கப்பன் தூங்குகிறார். தலைமாட்டில் தூக்குவாளி, மூடி திறந்து, துடைத்துவிட்ட மாதிரிக் காலியாக.

படத்துக்குக் கீழே ஒரு குரல் பதிவு இருந்தது. யுவஸ்ரீ அழுத்தினாள். எட்டு மாசமாகக் கேட்காத குரல்.

"அம்மா, நாலரை மணிக்கு அப்பா வந்து கதவைத் தட்டினாரு. உள்ள வரச் சொன்னா வரல. வாசல்லயே நின்னுட்டு, பிரேக் தப்பு என்னுது கண்ணு, உங்கம்மா ஊரு முன்னால சொன்னா, நான் உன்ற முன்னாலயாச்சும் சொல்லோணுமில்லன்னாரு. அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து அழுதுகிட்டே எள்ளுசாதம் தின்னோம்மா. அவரு எந்திரிச்சதும் ஊட்டுக்கு வாரோம்."

பாவாத்தாள் காலி மாடத்தைத் திரும்பிப் பார்த்தாள். ராத்திரி தன் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை எண்பது கிலோமீட்டர் போய் ஒரு கதவைத் தட்டியிருக்கிறது. சாமி எதை ஏற்றுக்கொண்டதென்று அவளுக்கு இப்போது சந்தேகமே இல்லை. சிவராத்திரி விழித்தவர்கள் மறுநாள் பகலில் தூங்கக் கூடாது, அந்த மனுசனை எழுப்பச் சொல்லு என்று அழுதுகொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு அழுகையோடே சிரித்தாள்.

குரல் பதிவு முடியவில்லை, அம்மா அழுததும் யுவஸ்ரீ நிறுத்திவைத்திருந்தாள், மறுபடி அழுத்தினாள். இன்னும் நாலு நொடி பாக்கி இருந்தது. அதில் எழில் தயங்குகிற மூச்சு கேட்டது.

"அப்புறம் அம்மா, கூட இன்னொருத்தரையும் கூட்டிட்டு வாரேன்."

பாவாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். அது யார் என்று கேட்க வாய் எடுத்தாள். யுவஸ்ரீயோ போனை வெடுக்கென்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பாத்திரம் கழுவ வேண்டியது மலைபோலக் கிடக்கிறது என்று குழாயடிப் பக்கம் நடந்துவிட்டாள். வீட்டில் ஒரு டம்ளர் கழுவாத பெண் அவள். அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, வருகிறவர் யார் என்று அடுத்த வாரம் பார்ப்போம்.